பட்ஜெட்டில் லாபியின் தடத்தைப் பிடிப்பது எப்படி

பிப்ரவரி 1 அன்று வருமான வரி வரம்பு மாறியதா என்று பார்த்துவிட்டு நாம் டிவியை அணைத்துவிடுகிறோம். அதே நாளில் ஏதோ ஒரு இறக்குமதிப் பொருளுக்கு வரி குறைந்திருக்கும், ஏதோ ஒரு தொழிலுக்கு வட்டி மானியம் இன்னும் இரண்டு வருடம் நீண்டிருக்கும், அதைக் கேட்டு வாங்கியவர்கள் மட்டும் அந்த ஒரு வரியைத் தேடிப்பிடித்துப் படித்திருப்பார்கள். பணம் எல்லோருடையது. அதை யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், எவ்வளவு கிடைத்தது என்பதை வீட்டில் உட்கார்ந்தே பெருமளவு கண்டுபிடிக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பொருளாதாரப் படிப்பு தேவையில்லை. இணைய வசதியும் பொறுமையும் போதும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லாபி என்றால் தங்களுக்குச் சாதகமாக முடிவெடுக்கச் சொல்லி அரசை அணுகி வற்புறுத்துவது. இந்தியாவில் லாபி செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் சட்டம் கிடையாது. அமெரிக்காவில் 1995-ல் வந்த சட்டப்படி, எந்த நிறுவனத்துக்காக, எந்த மசோதா பற்றி, எவ்வளவு செலவு செய்து லாபி செய்தோம் என்று அறிக்கை கொடுத்தாக வேண்டும், இப்போது அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 2012 டிசம்பரில் வால்மார்ட் விவகாரம் நம் நாடாளுமன்றத்தில் வெடித்ததே, அது அந்த அமெரிக்க அறிக்கையிலிருந்து வந்ததுதான். 2008 முதல் சுமார் 2.5 கோடி டாலர் லாபிக்குச் செலவழித்ததாக அந்த நிறுவனம் அங்கே கணக்குக் கொடுத்திருந்தது, அந்தப் பணம் போன விஷயங்களின் பட்டியலில் இந்தியச் சந்தைக்குள் நுழைவதும் இருந்தது. இங்கே கேட்டிருந்தால் ஒரு காகிதம்கூடக் கிடைத்திருக்காது. 2013-ல் பிஜு ஜனதா தள எம்.பி. காளிகேஷ் நாராயண் சிங் தேவ் மக்களவையில் லாபி வெளிப்படைத்தன்மைக்கு ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே நாம் சுற்றுவழியில்தான் போக வேண்டும். (அமெரிக்காவிலும் வியாபாரம் செய்யும் நிறுவனம் என்றால் அந்த அமெரிக்க அறிக்கைகளில் இந்தியா என்று தேடிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள், அவை இலவசம்.)

இன்னொன்று. லாபி என்றாலே திருட்டுத்தனம் என்று நினைத்து ஆரம்பித்தால் வேலை கெட்டுவிடும். கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் மலிவு லைட்டர்களால் தொழில் அழிகிறது என்று வருடக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதுவும் லாபிதான், கேட்டவர்கள் சின்ன ஆட்கள், கேட்டதும் ஊரறிய. நாம் பிடிக்க வேண்டியது ரகசியமாகக் கேட்டு, வேறு யார் பெயரையோ சொல்லி வாங்கிக்கொள்வதை.

பணத்திலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இந்தத் தொழிலதிபர் அந்த அமைச்சரோடு நிற்கும் படம், யாரோ சொன்ன செய்தி, அங்கிருந்து பட்ஜெட்டுக்குப் போகிறார்கள். அப்படிப் போனால் எங்கே பார்த்தாலும் சதியாகத் தெரியும், எதையும் நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பணம் கடைசியாக யார் கையில் போய் நிற்கிறது என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பின்னோக்கி நடங்கள். உங்கள் ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்வது நல்லது. கரும்பு, பருத்தி, தோல், மீன், மருந்து, எதுவானாலும் சரி, அந்தத் தொழிலில் நாலு பேரிடம் நேரில் கேட்டுச் சரிபார்க்க முடியும்.

அரசிடமிருந்து பணம் மூன்று வழியாகப் போகிறது. நேரடி ஒதுக்கீடு, இது பட்ஜெட்டில் எண்ணாகத் தெரியும். வசூலிக்காமல் விட்ட வரி, இது எண்ணாகத் தெரிவது குறைவு. மூன்றாவது, விலை நிர்ணயம், கட்டாயக் கலப்பு, இறக்குமதித் தடை போன்ற விதிகள். இதில் அரசுக் கஜானாவிலிருந்து ஒரு பைசாகூடப் போகாது, கடையில் நீங்கள் கொடுக்கும் விலையில் போகும். லாபியின் கைவரிசை முதல் வழியில்தான் மிகக் குறைவு என்பது என் கணிப்பு, ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் செய்தித்தாள்களில் வருவது பெரும்பாலும் அது மட்டும்தான்.

எந்தக் காகிதங்களைத் திறக்க வேண்டும்

மத்திய பட்ஜெட் என்பது நிதியமைச்சரின் உரை மட்டும் இல்லை. செலவுப் பக்கத்துக்கு ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும் (இவ்வளவு செலவு செய்ய அனுமதி வேண்டும் என்று நாடாளுமன்றத்திடம் கேட்கும் ஆவணம்) திறங்கள். அதில் நான்கு பத்திகள் இருக்கும்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. முதல் மதிப்பீட்டுக்கும் திருத்திய மதிப்பீட்டுக்கும் நடுவில் ஒரு திட்டத்தின் தொகை எகிறியிருந்தால் அந்த வரியை வட்டமிடுங்கள். வருடத்தின் நடுவில் யாரோ ஏதோ கேட்டு, கிடைத்திருக்கிறது, அல்லது ஏதோ நெருக்கடி வந்திருக்கிறது. எது என்று பார்க்கத் துணை மானியக் கோரிக்கைகளுக்குப் போங்கள். வருடத்தில் இரண்டு மூன்று முறை வரும் இவற்றில், கூடுதல் பணம் எதற்காக என்று ஓரிரு வரிக் காரணம் இருக்கும். நாடாளுமன்றத்தில் இவற்றைப் பற்றி விவாதம் குறைவு. முக்கிய பட்ஜெட் மானியக் கோரிக்கைகளிலேயே பெரும்பாலானவை விவாதமே இல்லாமல் 'கில்லட்டின்' முறையில் மொத்தமாக நிறைவேறுகின்றன, 2018 மார்ச்சில், பட்ஜெட்டின் வரி மாற்றங்களைச் சட்டமாக்கும் நிதி மசோதாவே மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது.

எண் எகிறியதாலேயே லாபி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020-21-ல் உணவு மானியத்துக்கு முதலில் போட்டது சுமார் 1.15 லட்சம் கோடி ரூபாய், உண்மைச் செலவு 5.41 லட்சம் கோடி. காரணம், கொரோனா கால இலவச அரிசி ஒருபக்கம், இந்திய உணவுக் கழகம் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கி வைத்திருந்த பழைய கடன்களை அரசு அந்த வருடம் அடைத்தது இன்னொருபக்கம். 2022-23-ல் உர மானியம் 1.05 லட்சம் கோடி மதிப்பீட்டிலிருந்து 2.5 லட்சம் கோடியைத் தாண்டியது, அது உக்ரைன் போரால் உலகச் சந்தையில் விலை ஏறியதன் விளைவு. இந்த மாதிரிக் காரணங்களை முதலில் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

வரிப் பக்கத்துக்கு வரவு பட்ஜெட் ஆவணத்தின் பின்னிணைப்பில் ஓர் அறிக்கை இருக்கிறது, வரிச் சலுகைகளால் அரசுக்கு வராமல் போன தொகை எவ்வளவு என்று. 2006-07 பட்ஜெட்டிலிருந்து இது வருகிறது. ஒவ்வொரு சலுகைக்கும் தனித்தனியாகத் தொகை போட்டிருக்கும். பட்ஜெட் ஆவணங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் ஒரு சலுகை வருடா வருடம் எவ்வளவு தின்கிறது என்பதை அரசே ஒப்புக்கொள்ளும் இடம் இதுதான். ஆனால் சலுகை கொடுக்க அரசு பட்ஜெட்டுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. 2019 செப்டம்பர் 20 அன்று, பட்ஜெட் முடிந்து மாதங்கள் கழித்து, நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30-லிருந்து 22 சதவீதமாக, புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே சொன்னது. அவ்வளவு பெரிய முடிவு ஓர் அவசரச் சட்டத்தில் வந்தது.

நிதி மசோதாவை விடாமல் படியுங்கள், குறிப்பாக கடைசிப் பிரிவுகளை. வரிக்குச் சம்பந்தமே இல்லாத திருத்தங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 2014 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம், வேதாந்தா குழும நிறுவனங்களிடம் பணம் வாங்கியதில் பா.ஜ.க.வும் காங்கிரசும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று தீர்ப்பளித்தது. அந்த நன்கொடைகள் வெளிநாட்டுப் பணமாகக் கருதப்படாதபடி, 2016 நிதிச் சட்டத்தில் வெளிநாட்டு மூலம் என்பதன் வரையறை 2010 வரை முன்தேதியிட்டு மாற்றப்பட்டது, அது போதவில்லை என்று 2018 நிதிச் சட்டத்தில் 1976 வரை பின்னால் கொண்டுபோகப்பட்டது. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் நன்மை என்றால் அந்தப் பிரிவை யார் எதிர்த்துப் பேசுவார்கள்? நாம்தான் படிக்க வேண்டும்.

ஒரு முழு உதாரணம்: 2018 சர்க்கரை

செய்முறை புரிய வேண்டும் என்றால் ஒரு வழக்கை முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2018 ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை சர்க்கரைத் துறைக்கு ஒரு தொகுப்பை அறிவித்தது. தலைப்புகளில் 7,000 கோடி என்றும் 8,500 கோடி என்றும் வந்தது, கரும்பு விவசாயிகளுக்கு நிவாரணம் என்று. நாடு முழுக்க ஆலைகள் விவசாயிகளுக்கு வைத்திருந்த பாக்கி அப்போது 22,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது, ஆகவே நெருக்கடி உண்மை.

இப்போது அந்த 8,500 கோடியைப் பிரியுங்கள். 30 லட்சம் டன் இருப்பு வைக்க ஆலைகளுக்கு 1,175 கோடி. எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம்) வடிப்பாலைகள் கட்ட, விரிவாக்க 4,440 கோடி வங்கிக் கடன், அதற்கு வட்டி மானியம் 1,332 கோடி, ஐந்து ஆண்டுகளுக்கு. அதற்கு முன்பே அறிவித்திருந்த, அரைத்த கரும்புக்குக் குவிண்டாலுக்கு ஐந்தரை ரூபாய் உதவி, 1,540 கோடி. கூட்டிப் பார்த்தால் 8,500 கோடிக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதில் பாதிக்கு மேல் வங்கி கொடுக்கும் கடன், அரசு செலவே இல்லை. தொகுப்பு என்று எதை அறிவித்தாலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்: கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு.

அடுத்த கேள்வி, கையில் வாங்கியது யார். ஐந்தரை ரூபாய் உதவி ஆலையின் பாக்கிக் கணக்கில் கழித்துக்கொண்டு விவசாயிக்குப் போனது. அதாவது விவசாயிக்கு ஏற்கெனவே வரவேண்டிய பணம்தான் வந்தது, கூடுதலாக எதுவும் இல்லை, ஆலையின் கடன் குறைந்தது. 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு வாங்கிய 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். அந்த வட்டியைக் கைநிறைய வாங்கிய கரும்பு விவசாயியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சட்டப்படி ஆலை செய்ய வேண்டியதை வரிப்பணம் செய்தது. அந்த நேரத்தில் வேறு வழி இல்லை என்று வாதிடலாம், நானும் அதை ஒரேயடியாக மறுக்க மாட்டேன், ஆனால் செலவுக்கு விவசாயி நிவாரணம் என்று பெயர் வைப்பதை ஏற்க முடியாது.

அப்புறம் மூன்றாவது வழி. ஆலைகள் கிலோ 29 ரூபாய்க்குக் கீழே சர்க்கரை விற்கக் கூடாது என்று அதே நாளில் முடிவானது, 2019 பிப்ரவரியில் அது 31 ஆனது. பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நாடு அப்போது வருடத்துக்குச் சுமார் 2.5 கோடி டன் சர்க்கரை தின்றது, அந்தக் கணக்கில் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் உயர்ந்து நின்றால் வருடத்துக்கு 2,500 கோடி ரூபாய் வாங்குபவர்களிடமிருந்து ஆலைப் பக்கம் நகர்கிறது. இந்த மாதிரிச் சின்னக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பதுதான் முக்கியம், எந்த அரசு ஆவணமும் உங்களுக்காகப் போட்டுத் தராது. அடுத்த மாதமே, 2018 ஜூலையில், பெட்ரோலில் கலக்க விற்கும் எத்தனாலுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2019-20-ல் 60 லட்சம் டன் ஏற்றுமதிக்கு டன்னுக்கு 10,448 ரூபாய் உதவி, மொத்தம் 6,268 கோடி. உலக வர்த்தக அமைப்பில் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா மூன்றும் வழக்குப் போட்டு, 2021 டிசம்பரில் நடுவர் குழு இந்தியாவுக்கு எதிராக முடிவு சொன்னது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற 2030 இலக்கு 2025-க்கு முன்னால் இழுக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி. ஒரே தாளில் தேதி வரிசையில் எழுதினால்தான் ஒரு தொழிலுக்கு எத்தனை பக்கத்திலிருந்து பணம் பாய்ந்தது என்று தெரியும்.

ஏன் ஜூன் 6? மே 31 அன்று உத்தரப்பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தல் முடிவு வந்தது, கரும்பு பாக்கி அங்கே பெரிய பேச்சு, ஆளுங்கட்சி தோற்றது. ஆலைச் சங்கங்கள் அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே ஏற்றுமதி உதவியும் இருப்பு மானியமும் கேட்டுக்கொண்டிருந்தன. ஆக, கேட்டவை ஆலைகள், கொடுக்க வைத்தது விவசாயிகளின் ஓட்டு. லாபி வேலை செய்யும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. தொழில் சங்கத்தின் கோரிக்கை மேசையில் தயாராக இருக்கும், ஓட்டு நெருக்கடி வரும்போது அதிகாரி கையில் எடுப்பது அந்தத் தயார் காகிதத்தைத்தான். விவசாயிகள் கேட்டது வட்டியோடு பாக்கி. அந்த வட்டியைப் பற்றி யாரும் ஒரு தயார்க் காகிதம் வைத்திருக்கவில்லை.

நிபந்தனையைப் படியுங்கள்

மொத்தத் தொகையைவிட யாருக்குத் தகுதி என்ற பத்திதான் முக்கியம். உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் 14 துறைகளுக்கு 1.97 லட்சம் கோடி என்று எல்லோருக்கும் தெரியும். அதில் செல்போன் திட்டத்தை எடுங்கள், 2020-ல் அறிவிக்கும்போது 40,951 கோடி. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட போன்களுக்கு மட்டும், உள்நாட்டு நிறுவனங்களுக்கு அந்த விலை வரம்பு இல்லை, கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம். தேர்வான வெளிநாட்டுப் பட்டியலில் சாம்சங், பாக்ஸ்கான், விஸ்ட்ரான், பெகாட்ரான் எல்லாம் வந்தன. ஸ்ரீபெரும்புதூரிலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் ஆயிரக்கணக்கில் வேலை வந்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: அந்த 15,000 என்ற கோடு எங்கிருந்து வந்தது, வரைவில் என்ன எண் இருந்தது, யார் என்ன எண் கேட்டார்கள்? குறைந்தபட்ச முதலீடு இத்தனை கோடி, விற்பனை இவ்வளவு, அடிப்படை ஆண்டு இது என்று எங்கே எண் இருந்தாலும், அந்த எண்ணுக்குச் சற்று மேலே நிற்கும் நிறுவனங்கள் எவை, சற்றுக் கீழே விழுந்தவை எவை என்று பெயர் எழுதுங்கள். வழிகாட்டு நெறிமுறைகள் பின்னால் திருத்தப்பட்டிருந்தால் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேட்ட காகிதத்தைத் தேடுவது

இது நினைப்பதைவிட எளிது, ஏனென்றால் கேட்பவர்களுக்குத் தங்கள் உறுப்பினர்களிடம் பெருமை காட்ட வேண்டியிருக்கிறது. தொழில் சங்கங்களின் இணையதளங்களில் பட்ஜெட்டுக்கு முந்தைய கோரிக்கை மனுக்கள், தலைவர் உரை, ஆண்டறிக்கை எல்லாம் கிடக்கும். பட்ஜெட் முடிந்ததும் 'எங்கள் தொடர் முயற்சியால்' என்று தொடங்கும் ஒரு அறிக்கை வரும், அதைச் சேமித்து வையுங்கள், சில நேரம் பிறகு காணாமல் போகும்.

பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால் இன்னும் நல்லது. காலாண்டு முடிவுக்குப் பின் முதலீட்டாளர்களோடு நடக்கும் உரையாடலின் எழுத்து வடிவத்தை, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி அவர்கள் வெளியிட வேண்டும். அங்கே மேலாளர்கள் முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை கொடுப்பதற்காக, அரசிடம் இன்ன விலை கேட்டிருக்கிறோம், இன்ன வரி குறையும் என்று எதிர்பார்க்கிறோம் என்று வெளிப்படையாகவே பேசுவார்கள். ஒரு சர்க்கரை ஆலையின் உரையாடலில் எத்தனால் விலை என்று தேடிப் பாருங்கள், எந்தப் பத்திரிகைப் பேட்டியிலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

நாடாளுமன்றக் கேள்வி பதில்களில், இந்தப் பொருள் பற்றி அரசுக்குக் கோரிக்கைகள் வந்தனவா என்று உறுப்பினர்கள் கேட்டிருப்பார்கள், அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியிருக்கும். துறைசார் நிலைக்குழு (ஒவ்வொரு துறையையும் ஆராயும் எம்.பி.க்கள் குழு) அறிக்கைகளின் பின்பக்கத்தில் யார் யார் வந்து சாட்சி சொன்னார்கள் என்ற பட்டியல் இருக்கும், விவசாயி, தொழிலாளர் தரப்பில் யாராவது இருந்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். தொலைத்தொடர்பு விஷயம் என்றால் அதன் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் ஆலோசனைத் தாளுக்கு வந்த கருத்துகளையும் எதிர்க் கருத்துகளையும் அப்படியே வெளியிடுகிறது. எல்லா அமைச்சகமும் இதைச் செய்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

பருத்தியை எடுத்தால் இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியும். 2021 பட்ஜெட்டில் பருத்தி இறக்குமதிக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீத வரி வந்தது. நூற்பாலைகள் அன்றிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள், கோவையில் இருக்கும் ஆலைச் சங்கம் உட்பட. 2022-ல் ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சின் விலை லட்சம் ரூபாய் வரை போன நேரத்தில், ஏப்ரல் 14 முதல் வரி விலக்கு வந்து அக்டோபர் இறுதி வரை நீண்டது. 2025 ஆகஸ்டில், அமெரிக்காவின் 50 சதவீத வரி நெருங்கியபோது, மறுபடி விலக்கு, முதலில் செப்டம்பர் 30 வரை, பத்தே நாளில் டிசம்பர் 31 வரை. அறுவடை தொடங்கும் காலத்தில் இப்படிச் செய்தால் எங்கள் விலை விழும் என்று பருத்தி விவசாயிகள் கத்தினார்கள். திருப்பூரில் வேலை போகும் பயமும் உண்மை, மகாராஷ்டிராவின் விதர்ப்பாவில் விலை விழும் பயமும் உண்மை. இழந்த வருவாயை நீங்களே கணக்கிடலாம்: வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவில் 5201 என்ற குறியீட்டில் விலக்கு இருந்த மாதங்களின் இறக்குமதி மதிப்பை எடுத்து, 11 சதவீதம் போடுங்கள்.

தகவல் உரிமை மனு எழுதும் விதம்

மேலே சொன்னதில் கிடைக்காத ஓட்டைகளை அடைக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில், மத்திய அரசுக்கு இணையத்திலேயே போடலாம். ஏன் செய்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது, காரணம் கேட்பது தகவல் கேட்பது ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இப்படி:

'இன்ன தேதியிட்ட இன்ன எண் அறிவிக்கை தொடர்பாக, அதற்கு முந்தைய 12 மாதங்களில் நிறுவனங்கள், தொழில் சங்கங்கள், விவசாயச் சங்கங்களிடமிருந்து பெறப்பட்ட கோரிக்கை மனுக்களின் நகல்கள். அவற்றின் மீது நடந்த கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், கலந்துகொண்ட அமைப்புகளின் பட்டியல். மேற்படி அறிவிக்கை தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள். சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிட ஒரு தேதி.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கோப்பை நேரில் பார்க்க முதல் மணி நேரம் இலவசம், அதன்பின் மணிக்கு ஐந்து ரூபாய். நகல் கேட்டால் நான்கு பக்கம் தருவார்கள், கோப்பைப் பார்த்தால் அடியில் யார் கையெழுத்தில் என்ன எதிர்ப்பு எழுதப்பட்டது என்பதுவரை தெரியும். நிதித்துறை எதிர்த்தும் நிறைவேறிய முடிவு என்றால் அது மிக வலுவான தடயம். அமைச்சரவைக் காகிதம் என்று மறுத்தால், முடிவு எடுத்து விஷயம் முடிந்தபின் தர வேண்டும் என்று 8(1)(ஐ) பிரிவே சொல்கிறது என எழுதுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால், 10-ம் பிரிவின்படி ரகசியப் பகுதியை மட்டும் மறைத்து மிச்சத்தைத் தரச் சொல்லுங்கள். தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் இன்னும் எளிதாகிவிட்டது, அதனால்தான் ஆட்களின் பெயரைக் கேட்காமல் அமைப்புகளின் பெயரைக் கேட்கச் சொன்னேன். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், இரண்டாவதுக்கு 90 நாள்.

நன்கொடைத் தரவை எப்படிப் பயன்படுத்தக் கூடாது

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை (கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தரும் வழி) ரத்து செய்தது, மார்ச்சில் தேர்தல் ஆணையம் யார் வாங்கினார், யாருக்குப் போனது என்ற பட்டியல்களை வெளியிட்டது. நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குத் தரக் கூடாது என்று இருந்த வரம்பையும் 2017-ல் எடுத்திருந்தார்கள், தீர்ப்பு அதையும் திருப்பியது. இந்தப் பட்டியல் ஒரு பெரிய கொடை. இப்போதும் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளையும், நிறுவனங்களிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளைகளின் கணக்கையும் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம்.

ஆனால் நன்கொடைத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு ஒப்பந்தத் தேதியை ஒட்டிவைத்துப் படம் போடுவது ஆராய்ச்சி ஆகாது. அதிகப் பத்திரம் வாங்கியது கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் தி.மு.க.வுக்கு மட்டும் 500 கோடிக்கு மேல் போனது, கட்சியே கணக்குக் கொடுத்திருக்கிறது. திரிணமூலுக்கும் 500 கோடிக்கு மேல். மேற்கு வங்கத்தில் லாட்டரி உண்டு, தமிழ்நாட்டில் 2003-லிருந்து தடை, அந்தத் தடை இன்றும் இருக்கிறது. அப்படியானால் இங்கே கொடுத்தது எதற்கு? அந்தக் கேள்வியை விடக் கூடாது, ஆனால் ஆவணம் இல்லாமல் பதிலை நாமே எழுதிக்கொள்ளவும் கூடாது. எப்போதும் மூன்று சோதனை செய்யுங்கள். கொடுத்தும் கிடைக்காத நிறுவனங்கள் உண்டா? கொடுக்காமலே கிடைத்த போட்டியாளர்கள் உண்டா? முடிவு அந்த ஒரு நிறுவனத்துக்கா, முழுத் துறைக்குமா? இந்த மூன்றும் தாண்டி நிற்கும் தொடர்பை மட்டும் எழுதுங்கள், அதையும் 'கொடுத்ததால் கிடைத்தது' என்று எழுதாமல், 'இன்ன தேதியில் இது, இன்ன தேதியில் அது' என்றே எழுதுங்கள்.

மாநில அளவில்

தமிழ்நாட்டு பட்ஜெட் என்றால் வேலை சுலபம், தமிழிலேயே காகிதம் இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் திட்டம், தொகை, பயனாளி எல்லாம் இருக்கும், அரசாணைகளும் துறைவாரியாக இணையத்தில் கிடைக்கும். கரும்புக்கே வருவோம். மாநிலம் அறிவித்த பரிந்துரை விலையைத் தனியார் ஆலைகள் வருடக்கணக்கில் முழுதாகத் தராமல் இழுத்தார்கள், 2018-ல் அந்த முறையே போய், ஆலையின் வருவாயில் விவசாயிக்கு ஒரு பங்கு என்ற வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது. அதன்பின் 2021-22 அரவைப் பருவத்துக்கு மாநில அரசு டன்னுக்கு 195 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை கொடுத்தது, அதாவது 2,755 ரூபாய் ஆலையிடமிருந்து, மிச்சம் வரிப்பணத்திலிருந்து, ஆக 2,950. விவசாயிக்கு அது அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆலை தந்திருக்க வேண்டிய பங்கு எப்படிக் கஜானாவுக்கு மாறியது என்பதை வருட வரிசையில் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும், கரும்பு போடும் ஊர்க்காரர் ஒருவர் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகளையும் பாருங்கள், மத்திய அறிக்கைகளும் மாநில அறிக்கைகளும் தனித்தனி. பரிந்துரையைவிட, தணிக்கையின் கேள்விக்குத் துறை கொடுத்த பதில்தான் சுவாரசியம்.

கண்டுபிடித்ததை எங்கே கொண்டுபோவது

ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: முடிவு என்ன, தொகை எவ்வளவு, கையில் வாங்கியது யார், கேட்ட காகிதம் எது, நிபந்தனை எப்படி மாறியது. ஒவ்வொரு வரிக்கும் ஆவணப் பெயர், தேதி, பக்க எண். அதை உங்கள் தொகுதி எம்.பி.க்கு, கேட்கத் தயாரான ஒரு கேள்வியாகவே எழுதி அனுப்புங்கள், அவர்களுக்கு நேரம் இல்லை, தயாராக இருந்தால் கேட்பார்கள். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று பார்க்காமல் அந்தத் துறையின் நிலைக்குழுவில் இருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள், பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில்தான் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன.

அதைவிட முக்கியம் முன்கூட்டியே போவது. நிதியமைச்சகம் பட்ஜெட்டுக்கு முந்தைய ஆலோசனைகளைப் பெரும்பாலும் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் நடத்துகிறது, தொழில் சங்கங்களின் மனு அதற்கு முன்பே தயாராகிவிடும். 2014-ல் மத்திய அரசே ஏற்ற கொள்கைப்படி, சட்ட வரைவுகளை 30 நாள் பொதுக் கருத்துக்கு வைக்க வேண்டும். வைக்காதபோது வைக்கச் சொல்லி எழுதுங்கள், வைத்தபோது கருத்து அனுப்புங்கள். உங்கள் ஊர் விவசாயச் சங்கம், தொழிற்சங்கம், நுகர்வோர் குழு ஏதாவது இருந்தால் அதன் பெயரில் அனுப்புங்கள், அமைப்பின் பெயரில் போன மனுவைப் பின்னால் தகவல் உரிமையில் கேட்டு வாங்குவது எளிது. அந்த மனுவில் எண்ணும் இருக்கட்டும். 'தாமதமான கரும்பு பாக்கிக்கு 15 சதவீத வட்டியை ஆலைக்குத் தரும் உதவியிலேயே முதலில் கழித்து விவசாயி கணக்கில் சேர்க்க வேண்டும்' என்று அப்படியே ஆணையில் ஒட்டக்கூடிய ஒரு வாக்கியமாக எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். அக்டோபருக்குள் அனுப்பிவிடுவது நல்லது.